படகு ஜன்னல் ஒழுகினால்: கழற்றுவதிலிருந்து திரும்ப மாட்டுவது வரை

படகு ஜன்னல் ஒழுக ஆரம்பித்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி வந்து, வெளியே நின்றபடி ஜன்னலைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, விரலால் தேய்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவிவிடுவது. இரண்டு மழை தாங்கும். மூன்றாவது மழையில் அதே மூலையில் அதே சொட்டு, படுக்கையில் அதே ஈரம். அப்புறம் அந்தக் கோட்டின் மேல் இன்னொரு கோடு. பத்து வருடம் இப்படியே பூசிப் பூசி வைத்த படகை வாங்கினால், ஜன்னலைக் கழற்றும் நேரத்தைவிட அந்தப் பழைய சிலிக்கானைச் சுரண்டும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

நான் இங்கே பேசுவது ஃபைபர் பாய்மரப் படகுகளைப் பற்றி. லங்காவி, பங்கோர், கிள்ளான் துறைமுகம், போர்ட் டிக்சன் என்று மலேசிய மேற்குக் கரையில் எங்கே போனாலும் இந்த மாதிரிப் படகுகள் நிற்கும். ஐரோப்பாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்து உலகம் சுற்ற வந்தவர்கள் இங்கேயே விற்றுவிட்டுப் போனவை, பாதிக்குப் பாதி நாற்பது வயது தாண்டியவை. விலை கட்டுப்படியாகும், எஞ்சினும் ஓடும், ஆனால் ஜன்னல் ஒழுகும். நம் ஊர் வெயில் அப்படி.

வெயில் என்று சும்மா சொல்லவில்லை. அக்ரிலிக் தகடு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தன் நீளத்தில் லட்சத்தில் ஏழு பங்கு நீளும். கேட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் புகை நிற அக்ரிலிக் மதிய வெயிலில் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம், விடிகாலையில் அதே தகடு 25 டிகிரி. கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் நீள ஜன்னல் தினமும் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. அதைச் சுற்றியுள்ள ஃபைபர் சுவர் அதில் மூன்றில் ஒரு பங்குதான் நகரும். மிச்ச இழுப்பு முழுவதும் நடுவில் இருக்கும் பசைமேல்தான் விழுகிறது. பசை அரை மில்லி தடிமனில் நசுங்கிக் கிடந்தால் எதை நீட்டிக்கொடுக்கும்? கிழியும். மூன்று மில்லி தடிமன் இருந்தால் ரப்பர் போல அசைந்துகொடுக்கும். ஆகவே இந்த வேலை முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: பசைக்கு இடம் விட வேண்டும், அது ஒட்டும் முகம் சுத்தமாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கி இறுக்கிப் பசையை எல்லாம் வெளியே பிதுக்கிவிட்டு, நன்றாக இறுக்கிவிட்டேன், இனி ஒழுகாது என்று நினைப்பவர்கள் ஒழுகலுக்குத்தான் அடித்தளம் போடுகிறார்கள்.

முதலில், ஒழுகுவது ஜன்னல்தானா?

இதைப் பார்க்காமல் ஜன்னலில் கை வைக்காதீர்கள். டெக்கில் இருக்கும் கைப்பிடிக் கம்பியின் போல்ட், ஓரக் கம்பிகளின் அடித்தகடு, பாய்க்கயிறு ஓடும் தண்டவாளம், இவற்றில் எது வழியாக உள்ளே வந்தாலும் தண்ணீர் உள்கூரை லைனிங்குக்கும் டெக்குக்கும் நடுவே சத்தமில்லாமல் ஓடி, எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கே இறங்கும். ஓட்டை கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஜன்னலின் கீழ் மூலைதான். பழி ஜன்னல்மேல்.

துறையில் கரண்ட் இழுத்து ஏசி போட்டுக்கொண்டு இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்ததும் வெளியே இருக்கும் ஈரக் காற்று உள்ளே வந்து, குளிர்ந்துபோயிருக்கும் அலுமினிய ஃப்ரேமில் வியர்த்து வடியும். அது ஒழுகல் இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கடல் தண்ணீர் எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது. உப்பு இல்லையென்றால் மழையாகவும் இருக்கலாம், வியர்வையாகவும் இருக்கலாம், ஏசியின் வடிகுழாயாகவும் இருக்கலாம்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். உள்ளே ஜன்னலைச் சுற்றியுள்ள மரச் சட்டத்தையும் லைனிங்கையும் கழற்றி, ஃபைபர் வெறுமையாகத் தெரியும்படி வையுங்கள். சுவரில் ஜன்னலுக்காக வெட்டிய ஓட்டையின் கீழ் விளிம்பில் டிஷ்யூ பேப்பரை மடித்து டேப் போட்டு ஒட்டினால் முதல் சொட்டு எங்கே விழுந்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸ் பைப்போடு வெளியே. பீய்ச்சி அடிக்கும் பம்ப் வேண்டாம், சும்மா வழியும் தண்ணீர் போதும். ஜன்னலின் கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, மெதுவாக மேலே ஏறுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது வழி என்று தெரியாது. ஜன்னல் முழுவதும் நனைந்தும் உள்ளே காய்ந்து இருந்தால், மேலே ஏறி டெக்கின் போல்ட்களை ஒவ்வொன்றாக நனையுங்கள்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் ஒரு வழி உண்டு. இலை ஊதும் மெஷினைக் கேபின் வாசலில் அட்டையும் டேப்பும் வைத்து அடைத்து உள்நோக்கி ஊதவிட்டு, மற்ற காற்றுத் துளைகளையும் மூடிவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

திறந்து மூடும் சின்ன ஜன்னல் என்றால் பெரும்பாலும் ரப்பர்தான் காரணம். விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, மூடி, திறந்து பாருங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே தொடவில்லை. ரப்பரை மாற்றிவிடுங்கள், இரண்டு முனையும் சேரும் இடம் மேல் பக்கமாக வரட்டும். தள்ளித் திறக்கும் ஜன்னலில் கீழ்த் தடத்தில் சின்ன வடிகால் துளைகள் இருக்கும், அதில் அழுக்கு அடைத்தால் தண்ணீர் தேங்கி உள்பக்கம் வழியும். ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் முடிந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் ஜன்னலைக் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றுவது

பழைய படகுகளில் அதிகம் இருப்பது அலுமினிய ஃப்ரேம்: வெளியே ஒரு சட்டம், உள்ளே ஒரு வளையம், நடுவே சுவரைக் கவ்விப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள். அடுத்தது, அக்ரிலிக் தகட்டையே சுவரின் வெளிப்பக்கம் வைத்து ஸ்க்ரூ போட்டது. கொஞ்சம் புதிய படகுகளில் ஸ்க்ரூவே இல்லாமல் பசையில் மட்டும் ஒட்டியிருப்பார்கள்.

கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி இடது, வலது, முன், பின், எது மேல் பக்கம் என்று எழுதுங்கள். இரண்டு பக்க ஜன்னலும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஓட்டைகள் மட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. தண்ணீரில் மிதக்கும் படகில் வேலை செய்தால் ஜன்னலுக்குக் கீழே ஒரு தார்ப்பாயைத் தொட்டில் மாதிரி கட்டுங்கள். கடலில் விழுந்த ஸ்க்ரூவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஃப்ரேம் விழுந்தால்தான் அழுகை வரும், ஏனென்றால் அந்த அளவில் இன்னொன்று கிடைக்காது.

எவர்சில்வர் ஸ்க்ரூவும் அலுமினியமும் உப்புக் காற்றில் வருடக்கணக்கில் ஒன்றாக இருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் திருகினால் தலை வழுக்கி, அதோடு போச்சு. தலைக்குள் கச்சிதமாக உட்காரும் பிட்டைத் தேடி எடுங்கள். துருநீக்கி எண்ணெயை முந்தின நாள் மாலையே விட்டுவிடுங்கள். மறுநாள் கையால் அடிக்கும் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர் வைத்து லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு, பிறகு தளர்த்தும் திசையில். அதற்கும் மசியாத ஸ்க்ரூவின் தலையில் சால்டரிங் அயர்ன் முனையை இரண்டு மூன்று நிமிடம் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் இதற்கு இணங்கிவிடும். கடைசி வழி தலையை மட்டும் ட்ரில் போட்டு எடுப்பது.

உள் வளையம் வந்தபிறகும் வெளி ஃப்ரேம் அசையாது, பழைய பசை பிடித்துக்கொண்டிருக்கும். இங்கேதான் பொறுமை. பட்டி பூசும் மெல்லிய தகட்டைப் பசைக்கோட்டில் நுழைத்து, ஒரு இடத்தில் நெம்பாமல், ஜன்னலைச் சுற்றி வாருங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லி உள்ளே போனால் போதும், திரும்ப ஒரு சுற்று. நான்கு பக்கமும் கொஞ்சம் பிளந்ததும், பின்னல் தூண்டில் நூலையோ கிதார் கம்பியையோ இரண்டு பக்கமும் மரக்கட்டையில் சுற்றி, ரம்பம் மாதிரி இழுத்து அறுத்துக்கொண்டே போகலாம். பெரிய ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் ஃப்ரேமின் விளிம்பு வளையும். வளைந்த விளிம்பை எவ்வளவு தட்டி நிமிர்த்தினாலும் அது பழையபடி சமமாக உட்காராது.

ஜன்னல் வந்ததும் சுவரின் வெட்டுமுகத்தைக் கவனமாகப் பாருங்கள். பல படகுகளில் கேபின் சுவர் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்தது. கூரான ஆணியால் குத்துங்கள். வெளிர் மரமாக, கெட்டியாக இருந்தால் நல்லது. பழுப்பாக, காபித் தூள் ஈரமான மாதிரி உதிர்ந்தால் தண்ணீர் உள்ளே போய்ப் பல காலம் ஆகிவிட்டது. மக்கிய பகுதி முழுவதையும் எடுக்க வேண்டும். ஒரு ஆணியை வளைத்து ட்ரில்லில் மாட்டி அடுக்குகளுக்கு நடுவே விட்டுச் சுழற்றினால் நன்றாகவே வாரி எடுக்கும். நல்ல மரம் இருந்தால்கூட விளிம்பிலிருந்து 10 முதல் 15 மில்லி உள்ளே வரை தோண்டிவிடுவேன், அதற்குப் பிறகு அந்த இடத்தில் மரத்துக்குத் தண்ணீரே படாது. நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸியில் சிலிக்கா பொடி கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கெட்டியாக்கி அடையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் எபாக்ஸி டப்பாவிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும், அதனால் மெதுவாக இறுகும் ஹார்ட்னர் வாங்கி, சின்னச் சின்ன அளவாகக் கலந்து, கலந்ததும் குவித்து வைக்காமல் தட்டையான தட்டில் பரப்பிவிடுங்கள்.

பழைய சிலிக்கான்

இந்த வேலையிலேயே மிக அலுப்பான பகுதி, ஆனால் வேலை நிற்பதும் விழுவதும் இங்கேதான். சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் மெல்லிய படலம் ஒன்று தங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது, அதன்மேல் எந்தப் பசையும் உருப்படியாக ஒட்டாது. பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கானும் ஒட்டாது. முதலில் பிளேடால் கெட்டியான பகுதியைச் சீவி எடுங்கள். சிலிக்கான் நீக்கி கிடைத்தால் தடவித் துடையுங்கள். அதற்கு அப்புறம்தான் உப்புத்தாள். முதலிலேயே உப்புத்தாள் போட்டால் சிலிக்கானை ஃபைபரின் துளைகளுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். 80 நம்பர் தாளில் லேசாகச் சொரசொரப்பாக்கிவிட்டு, ஃபைபரையும் அலுமினியத்தையும் அசிட்டோனால் துடைக்கலாம். புதுத் துணி, ஒரே திசையில், துணியை அடிக்கடி திருப்பி.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கை தண்ணீரை அந்த முகத்தில் தெளியுங்கள். தண்ணீர் கண்ணாடித்தாள் மாதிரி ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. முத்து முத்தாக ஒதுங்கினால் அங்கே இன்னும் சிலிக்கானோ எண்ணெயோ இருக்கிறது, திரும்பவும் துடையுங்கள்.

தகடு வாங்குவதும் வெட்டுவதும்

பழைய தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஆயிரக்கணக்கில் மெல்லிய கீறல்கள் மின்னினால் அது வெயிலில் செத்துப்போன அக்ரிலிக். மெருகேற்றினால் மேலே பளபளக்கும், உள்ளே இருக்கும் விரிசல் அப்படியே இருக்கும். அதையே திரும்ப மாட்டுவது வீண் வேலை.

புதிதாக வாங்கும்போது அச்சில் ஊற்றி வார்த்த அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் பிழிந்து எடுத்த ரகம்தான் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு, ஆனால் அது சீக்கிரம் கீறல் விடும். பாலிகார்பனேட் உடையவே உடையாது, உண்மைதான். ஆனால் துடைக்கும் துணியில் இருக்கும் மணலே அதைக் கீறிவிடும், வெயிலில் மஞ்சளாகும், சுமையில் அதிகம் வளையும். பக்கவாட்டு ஜன்னலுக்கு நான் அக்ரிலிக்தான் சொல்வேன். தடிமன் பழையது எவ்வளவோ அவ்வளவாவது இருக்கட்டும்; அலுமினிய ஃப்ரேமின் பள்ளத்தில் அதைவிடத் தடிமன் நுழையாது, எனவே அங்கே யோசிக்கவே வேண்டாம். வெளிக்கடலுக்குப் போகும் படகில் ஜன்னலின் அளவையோ அமைப்பையோ மாற்றுவதாக இருந்தால் தடிமனைக் குத்துமதிப்பாக முடிவு செய்யாதீர்கள். சிறு படகுகளின் ஜன்னல்களுக்கு என்றே ஐஎஸ்ஓ 12216 என்று ஒரு தர அளவு இருக்கிறது, அது தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

கேபின் சுவர் வளைந்திருந்தால் கவனம். தட்டையான தகட்டை வளைத்து ஸ்க்ரூ போட்டு அழுத்திப் பிடித்தால் அது வாழ்நாள் முழுக்க இறுக்கத்திலேயே இருந்து கீறல் விடும். வார்த்த அக்ரிலிக்கைச் சூடாக்காமல் வளைக்கலாம், ஆனால் வளைவின் ஆரம் தடிமனைப் போல 330 மடங்குக்குக் குறையக் கூடாது. 8 மில்லி தகடு என்றால் சுமார் 2.6 மீட்டர் ஆரம். அதைவிடக் கூர்மையான வளைவு என்றால் கடையில் சூடாக்கி வளைத்துத்தான் வாங்க வேண்டும்.

வெட்டுவதற்குப் பழைய தகடுதான் மாதிரி. கையால் வெட்டினால் ஜிக்ஸாவில் நுண்பல் பிளேடு, வேகம் குறைவாக. வேகம் கூடினால் வெட்டிய இடமே உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும். பாதுகாப்புத் தாளைக் கடைசி வரை உரிக்காதீர்கள். கடையில் வெட்டித் தரச் சொன்னால் லேசரில் வேண்டாம், சுழலும் பிட்டால் அறுக்கும் ரௌட்டர் மெஷினில் வெட்டச் சொல்லுங்கள். லேசர் வெட்டிய விளிம்பு பளிங்கு மாதிரி அழகாக இருக்கும், ஆனால் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும், பிறகு ஆல்கஹாலோ பசையின் கரைப்பானோ பட்டதும் விளிம்பிலிருந்து சிலந்திவலை மாதிரி விரிசல் கிளம்பும். ஃப்ரேமுக்குள் போகும் தகடு என்றால் சுற்றிலும் 2 முதல் 3 மில்லி இடைவெளி விட்டு அளவு கொடுங்கள், தகடு நீள இடம் வேண்டுமே.

ஸ்க்ரூ ஓட்டை போட வேண்டியிருந்தால் சாதாரண ட்ரில் பிட்டின் கூர் முனை அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து, வெளியே வரும் கடைசி நொடியில் உடைத்துவிடும். படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் நல்லது. தகட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து அழுத்தாமல் துளையுங்கள். ஓட்டை ஸ்க்ரூவைவிட 2 மில்லியாவது பெரிதாக இருக்க வேண்டும். தலை புதைந்து உட்காரும் ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம், அந்தச் சரிவான தலை ஆப்பு மாதிரி தகட்டைப் பிளக்கும். தட்டை அடி உள்ள தலையும், அதன்கீழ் ரப்பர் வாஷரும்தான் சரி.

எந்த சீலன்ட்

அலுமினிய ஃப்ரேமைச் சுவரில் உட்கார வைக்க பியூட்டைல் டேப். கையில் ஒட்டும் சாம்பல் நிற மாவு மாதிரி இருக்கும், இறுகவே இறுகாது, மிச்சத்தை எத்தனை வருடம் கழித்தும் கையாலேயே உருட்டி எடுக்கலாம். அது பிடிப்புக் கொடுக்காது, பிடிப்பதற்கு ஸ்க்ரூ இருக்கிறது, அது தண்ணீரை மட்டும் தடுத்தால் போதும்.

சுவரின் மேல் நேரடியாக வைக்கும் அக்ரிலிக் தகட்டுக்கு, பிளாஸ்டிக் ஜன்னலுக்கென்றே செய்த பாலியூரித்தேன், உதாரணமாக சிக்காஃப்ளெக்ஸ் 295 யூவி, அதற்கான பிரைமரோடு. ஸ்க்ரூவே இல்லாத ஜன்னலுக்கு 3எம் விஹெச்பி என்ற இரண்டு பக்கமும் ஒட்டும் தடித்த டேப்பும் டௌசில் 795 என்ற கட்டட சிலிக்கானும் சேர்ந்த முறை. உயரக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்களை ஒட்டும் அதே சரக்கு. ஒழுகல்மேல் கோபித்துக்கொண்டு சிலர் 3எம் 5200 என்ற நிரந்தரப் பசையை எடுத்துப் பூசிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பிளாஸ்டிக் ஜன்னலுக்கு ஆனது இல்லை, அதோடு அடுத்தமுறை கழற்றும்போது ஃபைபரையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். பாலிசல்ஃபைடு என்ற இன்னொரு ரக சீலன்டும் அக்ரிலிக்குக்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது, கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் மட்டும். வினிகர் வாசம் வரும் குளியலறை சிலிக்கான் உலோகத்தை அரிக்கும்.

மாட்டுவது

நாள் பார்ப்பது முக்கியம். மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலை ஒட்டி சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்றோடு மழை வரிசை கட்டி வரும், இங்கே அதற்குப் பெயரே சுமத்ராதான். மற்ற நாட்களில் பிற்பகல் இடிமழை. காலையில் பனி காய்ந்தபிறகு ஆரம்பித்து மதியத்துக்குள் முடிப்பதுதான் நடைமுறை, மேலே ஒரு பாயைக் கட்டி நிழல் செய்துகொண்டு. கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் தகட்டை ஒட்டினால் அது ஏற்கெனவே நீண்டு நிற்கும் நேரத்தில் பூட்டியதாகிவிடும்.

ஃப்ரேம் ஜன்னல் என்றால், தகட்டை ஃப்ரேமில் புது ரப்பர் வைத்து முதலில் பொருத்திவிடுங்கள். பிறகு ஃப்ரேமின் விளிம்பைச் சுற்றி பியூட்டைல் டேப்பை இழுக்காமல் ஒட்டி, ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றியும் கொஞ்சம் உருட்டிக் கூம்பாக வையுங்கள். வெளியே ஒருவர் பிடிக்க, உள்ளே ஒருவர் வளையத்தை வைத்து ஸ்க்ரூ போட வேண்டும். ஸ்க்ரூவின் மரையில் டெஃப்ஜெல் அல்லது டியூராலாக் என்ற அரிப்புத் தடுப்புக் களிம்பைத் தடவினால் அடுத்தமுறை சால்டரிங் அயர்ன் தேவைப்படாது. இறுக்குவது எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும். பிதுங்கி வருவதை நின்று பார்த்து, போதும் என்று விட்டுவிட்டு, மறுநாள் வெயில் ஏறி டேப் இளகியதும் திரும்ப அரைச் சுற்று. இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்து, ஸ்க்ரூ இனி தானாகத் தளர்வதில்லை என்றானதும் நிறுத்துங்கள். வெளியே வந்ததைப் பிளாஸ்டிக் தகட்டால் சீவி எடுத்துவிடலாம்.

தகட்டை நேரடியாக வைக்கும் முறையில் முதலில் பசையில்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள். வெளிக்கோட்டைச் சுற்றிச் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உள்ளிருந்து ஓட்டையின் விளிம்பைத் தகட்டின் பாதுகாப்புத் தாளில் வரைந்து, அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் தாளை மட்டும் லேசாகக் கீறி உரியுங்கள், பசை படும் பட்டை மட்டும் திறந்திருக்கும். அந்தப் பட்டையை அசிட்டோனால் துடைக்காதீர்கள், தின்னரும் கூடாது, அக்ரிலிக் அப்போதே விரிசல் விடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து உடனே காயவிடுங்கள். பிரைமர் டப்பாவில் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அதைப் படியுங்கள்.

இப்போது இடைவெளி. 3 மில்லி தடிமனில் சின்ன ரப்பர் துண்டுகளை ஒவ்வொரு மூலையிலும் நீளப் பக்கத்தின் நடுவிலும் சுவரில் ஒட்டுங்கள். பசை நாசிலை முக்கோண வடிவில் வெட்டி, ஒரே தொடர்ச்சியாக, இடைவெளியைவிட உயரமான கோடாக இழுங்கள்; ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி ஒரு வட்டம். தகட்டைக் கீழ் விளிம்பு முதலில் படும்படி வைத்து, ரப்பர் துண்டில் தட்டும் வரை அழுத்துங்கள். சுற்றிலும் பசை கொஞ்சம் பிதுங்க வேண்டும், பிதுங்காத இடத்தில் குழி இருக்கிறது. உள்ளே நிற்பவர் தகட்டின் வழியாகப் பார்த்தாலே காற்றுக் குமிழி தெரியும். ஸ்க்ரூவை வாஷர் தொடும் வரை மட்டும். பசை இறுகியபிறகு இன்னொரு முறை இறுக்கச் சொல்பவர்களும் உண்டு. இடைவெளித் துண்டு இருக்கும்போது அதற்கு அவசியமில்லை, திருகும் ஸ்க்ரூ தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் பசையைத்தான் அறுக்கும். நம் ஈரக் காற்றில் பாலியூரித்தேனின் மேல் தோல் சீக்கிரமே கட்டிவிடும், அதற்குள் விளிம்பைச் சீர்செய்து டேப்பை உரித்துவிட வேண்டும். விரலில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் பழக்கம் இங்கே வேண்டாம், சோப்பு பசைக்கும் சுவருக்கும் நடுவே இறங்கினால் கதை கந்தல்.

விஹெச்பி முறையில் டேப்பே இடைவெளியைக் கொடுக்கும், 2.3 மில்லி தடிமனில் வருவதை வாங்குங்கள். ஓட்டையின் விளிம்பை ஒட்டிச் சுவரில் டேப், அதற்கு வெளியே மிச்ச அகலம் முழுவதும் 795. டேப் தொட்டது தொட்டதுதான், அரை மில்லி நகர்த்தக்கூட விடாது. அதனால் சுவரில் தற்காலிகமாக மரத்துண்டுகள் ஒட்டித் தகடு உட்காரும் இடத்தை முன்கூட்டியே பூட்டிவிட்டுத்தான் டேப்பின் தாளை உரிக்க வேண்டும். டேப் முழுப் பிடிப்பை அடைய 72 மணி நேரம். சுவர் வளைந்திருந்தால் அதுவரை வெளியிலிருந்து முட்டுக் கொடுங்கள்.

பாலியூரித்தேன் நாளுக்குச் சுமார் 3 மில்லிதான் உள்நோக்கி இறுகும், அகலமான பட்டை என்றால் ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் பழையபடி ஹோஸ், டிஷ்யூ பேப்பர், டார்ச். காய்ந்திருந்தால்தான் லைனிங்கை மாட்ட வேண்டும்.

பயணத்தின் நடுவில் ஒழுகினால் இதெல்லாம் முடியாதுதான். மயிரிழை விரிசல் என்றால் கேப்டன் டாலி என்று ஒரு தண்ணீர் மாதிரி திரவம் விற்கிறது, விரிசலில் தானே ஊறி உள்ளே போய்க் காயும், அரை மணிக்கு ஒருமுறை ஊற்றி அது உள்ளே இறங்குவது நிற்கும் வரை செய்யலாம். பெரிய இடைவெளி என்றால் துடைத்துக் காயவைத்து பியூட்டைலைத் திணித்து மேலே டேப் போடுங்கள். சிலிக்கான் மட்டும் வேண்டாம்.

புது ஜன்னல் போட்டபிறகு படகு கழுவ வரும் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: அமோனியா கலந்த நீலக் கண்ணாடி ஸ்ப்ரே இந்த ஜன்னல்களுக்குக் கிடையாது, நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டு மெல்லிய சோப்பும் மென்மையான துணியும் போதும். துறையில் நிற்கும் நாட்களில் வெளியே துணி மறைப்பு போட்டுவைத்தால் தகடும் பசையும் இன்னும் பல வருடம் கூடுதலாக உழைக்கும்.